களை மீன்

இங்கிலாந்தில் மீன்களுக்கும் ஜாதி உண்டு. ஸால்மன், ட்ரௌட், க்ரேலிங் மூன்றும் உயர்குடி. 'கேம் ஃபிஷ்' என்று பெயர். மற்ற நன்னீர் மீன்கள் எல்லாம், கெண்டை வகையறா உட்பட, 'கோர்ஸ் ஃபிஷ்'. கோர்ஸ் என்றால் சொரசொரப்பு, முரடு, மட்டம்... இஷ்டப்பட்ட அர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மட்ட மீனைப் பிடிக்கத்தான் அங்கே ஏகப்பட்ட பேர் அலைகிறார்கள். தூண்டிலுக்கு லைசென்ஸ் வாங்குகிறார்கள். தனியார் குளத்துக்கு நாள் டிக்கெட் எடுக்கிறார்கள். மடக்கு நாற்காலி, குடை, ஃப்ளாஸ்க் சகிதம் காலையிலிருந்து சாயங்காலம் வரை தவம் கிடந்து, பிடித்த மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

'அப்புறம் எதுக்கு சார் பிடிக்கணும்?' என்று நீங்கள் கேட்டால், என் மாமனார் கட்சி.

மாமனாருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் சொந்தக் குளம். ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். அதில் கட்லா, ரோகு, மிருகால் வளர்க்கிறார். கட்லா மேல் மாடியில் சாப்பிடும், ரோகு நடு மாடி, மிருகால் தரைத்தளம். ஒருத்தர் போர்ஷனில் மற்றவர் அதிகம் தலையிடுவதில்லை. எந்த ஒண்டுக்குடித்தனத்திலும் பார்க்க முடியாத ஒற்றுமை!

மூன்றும் கெண்டைக் குடும்பம். அதாவது, இங்கிலாந்துக் கணக்கில் மட்டம். இங்கே வி.ஐ.பி.! தேங்கின தண்ணீரில் முட்டையிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஆற்று வெள்ளம் வேண்டும். ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி 1957 ஜூலை 10-ம் தேதி ஒரிஸ்ஸாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்த ஜாதி மீன்களைச் சம்மதிக்க வைத்தார். அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அப்புறம்தான் மீன் குஞ்சு என்பது பண்ணையில் எண்ணி வாங்குகிற சரக்காயிற்று.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தக் குளத்தில் தூண்டில் போட எனக்கு அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை.

"வளர்ப்பு மீன் மாட்டினா தண்ணியில விட்டுடுங்க மாப்ளே. மத்த கழிசடையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க."

காலை ஆறு மணிக்குப் போனால் கரையில் எனக்கு முன்பே ஒரு பாட்டி. வேலியோரமாக, மாமா கண்ணில் படாத இடம். (மாமாவும் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.) மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, கொட்டாங்கச்சியில் மண்புழு. மொத்த முதலீடு, ஒரு கொக்கியின் விலை.

தூண்டில் போடுவதில் பாதி வேலை சும்மா இருப்பது. மீதி, தக்கையைப் பார்ப்பது. தக்கை நடுங்கினால் பொடி மீன், புழுவைக் கொறிக்கிறது. பேசாமல் இருக்க வேண்டும். சாய்ந்து ஒரு பக்கமாக ஓடினால் சுண்ட வேண்டும். "அவசரப்படாதீங்க தம்பி, அது எங்க போயிடப் போவுது" என்றார் பாட்டி. ஆபீஸில் மாட்டி வைக்க வேண்டிய வாசகம்.

பத்து மணிக்குள் எங்கள் இருவர் பாத்திரத்திலும் சேர்ந்தது கழிசடைதான். பெரும்பாலும் ஜிலேபி. ஆப்பிரிக்காவில் பிறந்து 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுவதால் குடும்பக் கட்டுப்பாடு எடுபடவில்லை. அப்புறம் கெளுத்தி, செவுளருகே முள். கொக்கியிலிருந்து எடுக்கும்போது பிடிக்கத் தெரியாவிட்டால் அரை நாள் 'ஸ்ஸ்ஸ்...' என்று கையை உதற வேண்டியதுதான். ஒரு குரவை. இரண்டு பனையேறிக் கெண்டை.

பனையேறிக்கு உலகப் புகழ் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், 1791-ல் இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதி, அது 1797-ல் லண்டன் லின்னேயன் சொசைட்டி வெளியீட்டில் வந்தது. மரத்தில் கள் பானை கட்டியிருந்ததா, லெப்டினன்ட் அதை ருசி பார்த்தாரா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் காற்றைச் சுவாசித்து, ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அது நகர்வது நிஜம். பாட்டியின் அலுமினியச் சட்டியிலிருந்து குதித்து நாலடி நடந்துவிட்டது.

பதினோரு மணி சுமாருக்குப் பாட்டியின் கழி வில்லாக வளைந்தது. பத்து நிமிஷப் போராட்டம். கரைக்கு வந்தது ரோகு. ஒரு கிலோவுக்குக் குறையாது. மாமா வீட்டுக்குள். வேலியில் ஓணானைத் தவிர சாட்சியில்லை. பாட்டி கொக்கியைப் பதமாகக் கழற்றி, இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். அது வாலை அசைத்ததும் விட்டார்.

"அது ஐயாவுது" என்றார். எனக்குச் சொன்னது மாதிரிகூட இல்லை.

பிறகு புழுவைக் கோத்துக்கொண்டே, "கொளத்துல ஐயா புண்ணாக்குப் போடப் போறாங்களாமே, நெசமா தம்பி?" என்று கேட்டார்.

நிஜம்தான். மீன் வளர்ப்புப் பாடத்தில் ஜிலேபி, கெளுத்தி, குரவை, பனையேறி எல்லாம் களை மீன், பகை மீன். புதுக் குஞ்சு விடுவதற்கு முன் இவற்றை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போடுவார்கள். அதிலுள்ள சபோனின் மீனின் ரத்தத்தைக் கெடுத்துக் கொல்லும். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ. மாமாவின் குளத்துக்கு 300 கிலோவுக்கு மேல். இரண்டு மூன்று வாரத்தில் விஷம் முறிந்து பிண்ணாக்கே உரமாகிவிடும். செத்து மிதக்கும் மீனை ஊரே அள்ளிப் போய்ச் சாப்பிடலாம். மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது.

"அன்னிக்கி ஒரு நா விருந்து. அடுத்த நாலேருந்து கொழம்புக்கு?" என்றார் பாட்டி.

மாமா மேலும் தப்பில்லை. போன வருஷம் 700 குஞ்சு விட்டு, தேறியது 220. மிச்சத்தைக் குரவையும் விராலும் சாப்பிட்டு ஏப்பம் விட்டன. இதில் வேடிக்கை, அந்த விரால்தான் சந்தையில் கட்லாவைவிட விலை. ஆனாலும் குளத்துக்குள் அது திருடன்.

மத்தியானம் சாப்பிடும்போது நான் படித்த பி.காம்.முக்கு வேலை வந்தது. பிண்ணாக்கு இத்தனை கிலோ, வண்டிச் சத்தம் இவ்வளவு. இதற்குப் பதில் வைகாசியில் இன்ஜின் வைத்துக் குளத்தை இறைத்தால் டீசல் இவ்வளவு. உயிரோடு கிடைக்கிற விராலை விற்றால் வரவு. பொடி மீனையெல்லாம் வாய்க்காலோரக் குட்டைக்கு மாற்றிவிடலாம். பற்று, வரவு இரண்டும் ஏறக்குறையச் சமம்.

"உரம்?" என்றார் மாமா. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் ஆடிட்டர் மூளை.

"சாணி இருக்கே மாமா."

"குட்டையில விட்டா மறுபடி இங்கதான் வரும், மாப்ளே. பனையேறி நடந்தே வந்துடும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டியின் குழம்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாத வரவு. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அதனால் காலையில் நடந்ததை மட்டும் சொன்னேன். ரோகு மாட்டியதை, அதைக் கையில் பிடித்திருந்து விட்டதை, சொன்ன இரண்டே வார்த்தையை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து, மோர் ஊற்றிக்கொண்டு, கெளுத்திக் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு மாமியாரைப் பார்த்து, "இன்ஜினுக்கு மணி வாடகை இப்ப என்ன கேக்கறானுவ?" என்றார்.