காலைக் கிழிக்கிற கண்ணாடி காதுல ஆடுமா?

என் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தா உங்களுக்கே பாவமா இருக்கும் பாஸ். மூணு பிளாஸ்திரி! லேப்ல ஷாக் அடிக்கலை, பைக்ல இருந்து விழலை. கம்மல் செஞ்ச காயம். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, வெயிட் பண்றேன். எலெக்ட்ரிகல் மூணாவது வருஷம் படிக்கிற பையன், ரூம் கதவைச் சாத்திக்கிட்டு தொங்கட்டான் பண்றான்னு தெரிஞ்சப்போ என் கிளாஸே ரெண்டு நாள் சிரிச்சுது. 'மச்சி, அப்படியே எனக்கு ஒரு மூக்குத்தி'னு ஆர்டர் கொடுத்தவன்கூட உண்டு.

காரணம் ரொம்பச் சாதாரணம். ரெண்டு அரியர். பரீட்சை ஃபீஸை வீட்ல கேட்டா, 'எந்தப் பேப்பர், ஏன் போச்சு, எதிர் வீட்டுப் பையன் எப்படி ஆல் கிளியர்'னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சீரியல் ஓடும். அந்த நேரம் பார்த்து காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஸ்டால் போடலாம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அதே வாரம் போன்ல ஒரு படம் பார்த்தேன். பனி படிஞ்ச மாதிரி மங்கலான பச்சைக் கண்ணாடித் துண்டு, அதைச் சுத்தி மெல்லிசா கம்பி, அப்படியே ஒரு காதுல தொங்குது. 'கடல் கண்ணாடி'யாம். அட, நம்ம ஊர்ல இல்லாத கடலா, நம்ம ஊர்ல இல்லாத பாட்டிலா!

கடல் கண்ணாடி வேற ஒண்ணும் இல்லை. எப்பவோ கடல்ல விழுந்த பாட்டில் உடைஞ்சு, அலையும் மணலும் அதைப் போட்டு உருட்டி உருட்டி, முனையெல்லாம் மழுங்கி, மேல ஒரு மங்கல் ஏறி, கூழாங்கல் மாதிரி கரைக்கு வரும். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ், மோஸ் அளவுகோல்ல 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை பக்கம். அதனால மணல் ஜெயிக்கும், ஆனா மெதுவா ஜெயிக்கும். பல பத்து வருஷம் ஆகும். உப்புத் தண்ணி வேற கண்ணாடியில இருக்கிற சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும். அந்தப் பனி போட்ட லுக் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவுல ஃபோர்ட் பிராக்னு ஒரு ஊர். 1967 வரைக்கும் ஊர்க் குப்பை மொத்தத்தையும் கடற்கரையில கொட்டினாங்க. இப்போ அதே இடம் டூரிஸ்ட் ஸ்பாட், பேரே 'கிளாஸ் பீச்'! இங்கிலாந்துல சீஹம்னு இன்னொரு ஊர்ல பாட்டில் ஃபேக்டரி கடல்ல கொட்டின கழிவு. அது மூடி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஜனங்க குனிஞ்சு பொறுக்கிட்டு இருக்காங்க.

இதையெல்லாம் படிச்சிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குக் குருசுக்குப்பத்துல போய் நின்னேன். வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு: பாண்டி பீச் ரோட்டுல காந்தி சிலையில ஆரம்பிச்சு வடக்குப் பக்கமா நடந்தா, வாக்கிங் போற கூட்டம் ஒரு இடத்துல யூ டர்ன் போடும். அங்க திரும்பாம நேராப் போனா எங்க குப்பம். எங்க பெரியம்மா வீடு அங்கதான். கடல் இருக்கு, அலை இருக்கு. மணல்தான் இல்லை! கருங்கல் பாறாங்கல்லை மலையாட்டம் கொட்டி வெச்சிருக்கு. அந்தக் கல் சந்துல பாட்டில் துண்டு இருந்துச்சு, நிறையவே. எடுத்தேன். கட்டைவிரல்ல முதல் பிளாஸ்திரி அன்னிக்குத்தான்.

"டேய் தம்பி, இன்னாடா தேடற?"

பெரியம்மா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிற ஆயா. மீன் கூடையைப் பக்கத்துல வெச்சிட்டுக் கல்லு மேல உக்காந்திருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"காலைக் கிழிக்கிற சனியனைக் காதுல மாட்டப் போறியா? பீச்சாங்கரையில குடிச்சிட்டு ஒடைச்சிட்டுப் போறானுங்க பாரு, இது அவனுங்க வெச்சிட்டுப் போற சீர்!" பாதத்தைத் திருப்பிக் காட்டினாங்க. குதிகால்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நாலு தழும்பு. "படகு தள்ளறப்போ குத்துனது. வெறுங்காலோட எறங்கறவங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. போன்ல படம் பார்த்தவனுக்குக் கண்ணாடி அழகு. அதை மிதிச்சவங்களுக்கு?

"முன்னெல்லாம் இங்க மணலு இருந்துச்சு ஆயா?"ன்னு கேட்டேன். "இருந்துச்சாவா? வலை காய வெச்சோம், கருவாடு காய வெச்சோம், கல்யாணத்துக்குப் பந்தலே போட்டோம்"னாங்க.

அந்த மணல் எங்க போச்சுன்னு நம்ம சிவில் பசங்களைக் கேளுங்க, கரெக்டா சொல்வாங்க. நம்ம கரையில மணல் சும்மா கிடக்காது, நடக்கும். வருஷத்துல பாதிக்கு மேல தெற்கே இருந்து வடக்கே போகும், மழைக்காலத்துல கொஞ்சம் திரும்பி வரும். மொத்தக் கணக்குல வடக்குப் பக்கம்தான் லாபம். 1980-களோட கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. தெற்கே இருந்து வந்த மணல் அங்கேயே நின்னுடுச்சு. வடக்கே இருக்கிற நம்ம பீச்சுக்கு வரவு கட், செலவு மட்டும் பாக்கி. கரை கரைஞ்சுது, கல்லைக் கொட்டினாங்க. 2018-ல தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்காரங்க தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துல கடலுக்குள்ள இரும்புல ஒரு செயற்கைத் திட்டு இறக்கின பிறகு, அந்த ஏரியாவுல மணல் திரும்பி வந்துச்சு. உருட்ட மணல் இல்லாத இடத்துல, போன வாரம் உடைஞ்ச பாட்டில் கடல் கண்ணாடி ஆகாது. காயம்தான் ஆகும்.

சரி, இயற்கை கைவிட்டா என்ஜினீயரிங்! பழைய வைப்பர் மோட்டார் ஒண்ணு, பெயின்ட் டப்பா ஒண்ணு, உள்ள மணல், தண்ணி, கண்ணாடித் துண்டு. மொட்டை மாடியில மூணு நாள் ஓடுச்சு. நாலாம் நாள் ஹவுஸ் ஓனர் ஏறி வந்தார். அதோட அந்த புராஜெக்ட் சமாப்தி. துண்டோட முனை லேசா மழுங்கியிருந்துச்சு, அவ்ளோதான். ஆசிட்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல மங்கலாகும்னு ஒருத்தன் ஐடியா கொடுத்தான். அது ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் பாஸ். தோல்ல பட்டா எலும்பு வரைக்கும் இறங்குற சமாச்சாரம். தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க.

இதுக்கு நடுவுல ஒரு நாள் சும்மா பாண்டி மியூசியம் போனேன். அங்க அரிக்கமேடு மணிகள் இருக்கு. பாண்டியிலயே பொறந்து வளர்ந்தவன், இருபது வயசுலதான் முதல் தடவை பார்க்கிறேன், வெட்கமாத்தான் இருக்கு! நம்ம ஊருக்குத் தெற்கே, அதே அரியாங்குப்பம் ஆத்தங்கரையில, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கண்ணாடி மணி செஞ்சு கப்பல்ல அனுப்பியிருக்காங்க. 1930-கள்ல ழூவோ துப்ரேய்ங்கிற பிரெஞ்சுப் பேராசிரியர், அந்த ஊர்ச் சின்னப் பசங்க பொறுக்கி வெச்சிருந்த மணியையும் பொருளையும் பார்த்துத்தான் 'இங்க ஏதோ இருக்கு'ன்னு உஷாரானார். 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அப்புறம் கசால், 1989-லிருந்து 92 வரைக்கும் விமலா பெக்லி குழு.

செய்முறைதான் சூப்பர். உருகின கண்ணாடி உருண்டைக்குள்ள காத்து ஓட்டை இருக்கிற மாதிரி செஞ்சு, அப்படியே இழுத்து நீளமான குழாய் ஆக்குவாங்க. ஆறினதும் அதைப் பொடிப்பொடியா நறுக்கணும். இப்போ ஒவ்வொரு துண்டும் மணி, ஆனா முனை கூர். அதைச் சாம்பலோட கலந்து திரும்பச் சூடு பண்ணிக் கிளறினா முனை மழுங்கிடும், ஓட்டையும் அடைக்காது. கடல் பல வருஷம் எடுத்துக்கிற வேலையை நம்ம ஆளுங்க ஒரு அடுப்புல முடிச்சிருக்காங்க! பீட்டர் ஃபிரான்சிஸ்னு ஒரு மணி ஆராய்ச்சியாளர் இந்த வகைக்கு 'இந்தோ பசிபிக் மணி'ன்னு பேர் வெச்சார். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா தாண்டியும் இது கிடைச்சிருக்கு. திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில இதே மாதிரி இழுத்துச் செய்ற வேலையை அவர் பார்த்து எழுதியிருக்கார். ஒரு முக்கியமான விஷயம்: அரிக்கமேட்டுக்குப் போனா கண்ணால பாருங்க, கையால பொறுக்காதீங்க. தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிற இடம்.

அப்போதான் தோணுச்சு, ஓட்டை போட்ட மணி இருக்கறப்போ நான் எதுக்குப் பாட்டிலோட மல்லுக்கட்டணும்? நேரா கடைக்குப் போய் மங்கல் ஃபினிஷ் போட்ட கண்ணாடி மணிச் சரம் வாங்கிட்டேன். பச்சை, தேன் கலர், வெள்ளை, கொஞ்சம் நீலம். 10 மில்லிமீட்டர் சைஸ்.

இப்போ நீங்களும் பண்ணலாம். ரெண்டு கம்பி வேணும். 20 கேஜ் கொக்கிக்கும் தண்டுக்கும், 26 கேஜ் மேல சுத்துறதுக்கு. நம்பர் ஏற ஏறக் கம்பி மெல்லிசு, குழப்பிக்காதீங்க. ஒரு வட்ட மூக்குக் குறடு, ஒரு தட்டை மூக்குக் குறடு, ஒரு கட்டர். முதல்ல 10 சென்டிமீட்டர் கம்பி. ஒரு நுனியில 3 சென்டிமீட்டர் விட்டு 'ட' மாதிரி மடக்குங்க. மடக்கின இடத்துக்கு மேல வட்ட மூக்கை வெச்சு ஒரு வளையம். வளையத்தைத் தட்டைக் குறடால புடிச்சிக்கிட்டு, மிச்ச வாலைத் தண்டு மேல மூணு சுத்து, நெருக்கமா. வெட்டுங்க. வெட்டின நுனியை அமுக்கி விடுங்க, இல்லேன்னா கன்னத்தைக் கீறும். மணியைக் கோருங்க. அந்தப் பக்கமும் இதே கதைதான், ஆனா மடக்கறதுக்கு முன்னாடி மணிக்கும் மடிப்புக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் இடம் விடணும். அங்கதான் மூணு சுத்து உக்காரும். அதை மறந்து நான் உடைச்ச மணி எட்டு! கடைசியா 26 கேஜ் கம்பியை மேல் கழுத்துல ரெண்டு சுத்து சுத்தி, மணி மேல கோணல்மாணலா வலை மாதிரி ஓட்டி, கீழ்க் கழுத்துல முடிங்க. இங்க நேர்த்தி கூடாது. நேர்த்தியா சுத்தினா டிரான்ஸ்பார்மர் மாதிரியே இருக்கு, எலெக்ட்ரிகல்காரன் சொல்றேன்.

ஒரே இடத்துல கம்பியைத் திருப்பித் திருப்பி வளைக்காதீங்க. செம்பு வளைய வளைய இறுகும், அப்புறம் பட்டுனு போகும். மெட்டீரியல்ஸ் பேப்பர்ல 'வொர்க் ஹார்டனிங்'னு ரெண்டு மார்க் கேள்வி வந்தப்போ எனக்குத் தெரியலை. இப்போ விரலுக்கே தெரியும்.

கல்ச்சுரல்ஸ் அன்னிக்கு ஸ்டால்ல 22 ஜோடி. முதல் மணி நேரத்துலயே கூட்டம். ஃபைனல் இயர் அக்கா ஒருத்தங்க நீல ஜோடியைத் தூக்கிப் பார்த்து, "நம்ம பீச்ல எடுத்ததா? ஒரிஜினல்னா எவ்ளோ வேணா தரேன்"னாங்க. பக்கத்துல நின்ன என் ஃப்ரெண்ட் காலை மிதிக்கிறான், 'ஆமான்னு சொல்லுடா'ன்னு. ரெண்டு அரியர் ஃபீஸும் கண்ணு முன்னாடி ஆடுது. வாய் வரைக்கும் வந்துடுச்சு பாஸ், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆயாவோட குதிகால் ஞாபகம் வந்துச்சு. "இல்லக்கா, கடையில வாங்கின மணி. குருசுக்குப்பத்துல கிடைக்கிறது காலைத்தான் கிழிக்கும்"னேன். வெச்சிட்டுப் போயிட்டாங்க. ஃப்ரெண்ட் அன்னிக்கு டீ கூட வாங்கித் தரலை.

இருந்தாலும் 14 ஜோடி வித்துது. கதை அங்க முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். மூணாம் நாள் என் கிளாஸ் பொண்ணு காதை மூடிக்கிட்டு வந்தா. சிவந்து, நமைச்சல் எடுத்து, நீர் கோத்திருக்கு. தோல் டாக்டர்கிட்ட போனதுல, நிக்கல் அலர்ஜின்னு சொல்லியிருக்கார். மலிவா இருக்குன்னு நான் வாங்கின ரெடிமேட் கொக்கியில முலாமுக்கு அடியில நிக்கல் இருந்திருக்கு. மணிக்கு அவ்ளோ யோசிச்சேன், காதுக்குள்ள போற கொக்கிக்கு யோசிக்கலை! 14 பேரையும் தேடிப் புடிச்சு சொன்னேன். அஞ்சு பேர் பணத்தை வாங்கிக்கிட்டாங்க, மத்தவங்களுக்கு வெள்ளிக் கொக்கி மாத்திக் கொடுத்தேன். லாபம், ஃபீஸ் எல்லாம் அதுல போச்சு. அதனால நீங்க பண்ணா வெள்ளி, இல்லேன்னா நிக்கல் கலக்காததுன்னு கேட்டு வாங்குங்க. காதுக்குள்ள போற நுனியை நகம் தேய்க்கிற ஃபைலால வழவழன்னு தேய்ங்க. வெறும் செம்பைக் காதுல மாட்டாதீங்க, வேர்வை பட்டாப் பச்சை புடிக்கும்.

மிச்ச எட்டு ஜோடியை எடுத்துக்கிட்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஆயா திண்ணையில உக்காந்திருந்தாங்க. அன்னிக்குத்தான் கவனிச்சேன், ரெண்டு காதுலயும் வேப்பங்குச்சி. பேத்தி நர்சிங் படிக்குது, ஃபீஸ் கட்டக் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கு. ஓட்டை தூந்துடக் கூடாதுன்னு குச்சி.

"ஆயா, ஒரு ஜோடி போட்டுக்கோங்க"ன்னேன். எட்டையும் மடியில போட்டுப் பார்த்தாங்க. "பச்சை வேணாம், அது பிராந்தி பாட்டிலு. இது பீர் பாட்டிலு. இதுமாதிரி தொங்கறதும் வேணாம், கூடை தூக்கறப்போ இடிக்கும்." கொக்கியை மாட்டிப் பார்த்தா, பல வருஷம் கனத்த கம்மல் போட்ட காது, ஓட்டை பெருசு, வழுக்கிக்கிட்டு வருது. ஒரு ராத்திரி உக்காந்து வெள்ளிக் கம்பியில பின்னாடி பூட்டிக்கிற மாதிரி சின்ன வளையம் பண்ணி, அதுல ஒத்தைச் சிவப்பு மணி கோத்தேன். மணி மேல கம்பி வேணாம்னுட்டாங்க, தலைமுடி மாட்டுமாம்.

மறுநாள் காலைல கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி பார்க்கலை. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாங்க, குச்சி ரெண்டையும் கழட்டி ஜன்னல் கம்பியில சொருகினாங்க. அப்புறம் கூடையிலருந்து நாலு சங்கராவை எடுத்துக் காகிதத்துல சுத்தி என் கையில திணிச்சாங்க.

"தையில கம்மலை மீட்டதும் உன்னுதைக் கழட்டிக் குடுத்துடறேன்டா. வெள்ளி இல்ல? வேற யாருக்காவது ஆகும்."