தந்தை விற்ற நிலம்

நாஞ்சில் நாடு என்றவுடன் நெல்வயலும் குளமும் தென்னஞ்சோலையுமே நினைவிற்கு வரும். வளமான நாடுதான், ஆயினும் அவ்வளம் எல்லா வீட்டு அடுப்பையும் எட்டியதில்லை.

நாகர்கோவிலை அடுத்த மேலச் சரக்கல்விளையில், மாந்தோட்ட உழவர் ஒருவரின் மகனாக 1957 ஆம் ஆண்டு பிறந்தவர் சிவன். அவர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றார். விடுமுறை நாள்களில் அவர் தோட்டத்தில் நின்றால் தந்தைக்கு ஓர் ஆளின் கூலி மிச்சமாகும். கல்லூரியில் சேருங்காலத்தும் இக்கணக்கே முன்னின்றது. தோட்டத்தை விட்டுத் தொலைவு செல்லலாகாது. செலவும் குறைய வேண்டும். ஆகவே, பொறியியல் கற்க விழைந்த பிள்ளை நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம் கற்றார். காலில் செருப்பும் இல்லை, உடுத்தது வேட்டியே.

பட்டம் பெற்றபின் அவ்விழைவு மீண்டும் எழுந்தது. இம்முறை தந்தை தடுக்கவில்லை. நிலத்தை விற்றுப் பணம் தந்தார். நிலத்தை விற்பது உழவனுக்கு எத்தகைய துயரம் என்பதை உழுதவரே அறிவர். மகன் 1980 இல் சென்னையில் வானூர்திப் பொறியியற் பட்டம் பெற்றார். 1982 இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற் சேர்ந்தார். 2018 இல் அதன் தலைவரானார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலரும் இவ்விடத்தே நிறுத்தி, வறுமை ஒரு தடையன்று என்று முடித்துவிடுவர். அது முழு உண்மை அன்று. அவருடன் பிறந்தோர்க்கு வறுமையால் உயர்கல்வி கைகூடவில்லை. சிறு உழவர் ஒருவர் எத்தனை முறை நிலம் விற்க இயலும்? விற்பதற்கு நிலமே இல்லாதார் என் செய்வர்? விளவங்கோட்டு மலையோரத்தில் மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். அன்றைய கூலியும் நின்றுவிடும். அவ்வீட்டுப் பிள்ளையின் கல்வியைத் தந்தையின் தியாகத்திற்கே விட்டுவிடுதல் முறையோ?

அரசு இக்கடனை ஓரளவு ஏற்றுள்ளது. 1956 இல் மதிய உணவுத் திட்டமும், 1982 இல் சத்துணவுத் திட்டமும், 2022 இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கின. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி புகும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்குவது 2022 இலும், மாணவர்க்கு வழங்குவது 2024 இலும் தொடங்கப்பெற்றன. இவை பேருதவியே.

ஆயினும் ஊரார்க்கும் ஒரு கடன் உண்டு. பிள்ளையை மேடையில் நிறுத்தி, ஏழை என்று கூறி நோட்டுப் புத்தகம் வழங்கி நிழற்படம் எடுத்துக்கொள்வது அக்கடன் ஆகாது. பட்டதாரி ஒருவரும் இல்லாத வீட்டில், எந்தப் படிப்பிற்கு எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கூறுவார் எவரும் இலர். உதவித்தொகை இருந்தும் நாள் கடந்தமையால் இழந்த பிள்ளைகள் ஊர்தோறும் உண்டு. கற்றவர் ஒருவர் மாலையில் ஒரு நாழிகை திண்ணையில் அமர்ந்து, அவ்விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லி, சான்றிதழ் வாங்கக் கிராம அலுவலரிடம் அப்பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம்.