காந்தம் ஒட்டினால் போலியா?

"காந்தம் ஒட்டுதா? அப்போ எவர்சில்வரே இல்லை!" ஓசூர் பாத்திரக் கடையிலும் இதே தீர்ப்புதான். அட, இந்த ஊரில் தயாராகும் பைக்கின் டிஸ்க் பிரேக்கில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும்! பைக் டிஸ்க்குக்குப் பொதுவாகப் பயன்படுவது மார்டென்சிடிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியதும் இந்த இனம்தான்.

சுமார் 12-13% குரோமியம் துருவைத் தடுக்கும். கார்பன் இருப்பதால், சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் இறுகும். கத்தி, கத்தரிக்கோல், அறுவை சிகிச்சைக் கருவி எல்லாம் இதில் செய்வது அதனால்தான்.

நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசையிலோ பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ஆனால் 304ஐ விடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். கிரேடு எண்ணைக் கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்!