பராமரிப்பு விடுதிகளும் பணியாளர் பயிற்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வயோதிகரையும் தீராத வியாதியஸ்தரையும் வைத்துப் பராமரிக்கும் விடுதிகளில் ஊழியம் செய்வோர் அனைவருக்கும் 'தர அபிவிருத்தி' என்னும் விஷயத்தில் பயிற்சி அளித்தே தீரவேண்டும் என்று அந்நாட்டு மத்திய சர்க்கார் செய்த விதி, 2019-ம் வருஷம் நவம்பர் மாதம் அமலுக்கு வந்தது. விதியின் நோக்கம் சிலாக்கியமானது. அதன் வாசகத்திலும் பழுதில்லை. ஆயினும், அவ்விடுதிகளின் சென்ற நாற்பது வருஷ சரித்திரத்தைக் கவனிக்குமிடத்து, பயிற்சி என்ற பெயரால் பொறுப்பு முழுவதையும் கீழ்ப்படியில் நிற்கும் ஊழியர் தலையில் ஏற்றிவிட்டு, அதிகாரத்தையும் பணத்தையும் மேற்படியில் இருப்போர் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடாகவே அது பல இடங்களில் முடிகிறதோ என்ற சந்தேகம் நமக்கு எழுகிறது. இச்சந்தேகத்திற்கான காரணங்களை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு வார்த்தையை விளக்கிவிடுவது நலம். நமது ஊர்களில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் தனியார் நடத்தும் சிறு ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ போய்ச் சில தினங்களில் வீடு திரும்புகிற இடம். அமெரிக்காவில் அதே பெயர் கொண்ட ஸ்தாபனம் வேறு. எழுந்து நடக்கவும், உண்ணவும், உடுக்கவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலையை அடைந்தோர் அங்கே வசிக்கிறார்கள். பலருக்கு அதுவே கடைசி வீடு. அத்தகைய விடுதிகள் ஏறக்குறைய 15,000. அவற்றில் வசிப்போர் சுமார் 12 லட்சம் பேர். விடுதிகளில் பத்துக்கு ஏழு லாபத்தைக் கருதி நடத்தப்படுபவை. வசிப்போரில் ஐந்தில் மூவருடைய செலவையோ, ஏழைகளுக்கான சர்க்கார் வைத்திய உதவித் திட்டமாகிய 'மெடிக்கெய்ட்' ஏற்கிறது. அதாவது, பணம் பொது ஜனங்களுடையது, லாபம் தனியாருடையது.

இவ்விடுதிகளில் நடந்த அக்கிரமங்கள் ஒரு காலத்தில் அளவு கடந்திருந்தன. முதியவர்களை நாற்காலியோடும் கட்டிலோடும் சேர்த்துக் கட்டி வைப்பது சர்வ சாதாரணமாயிருந்தது. 1986-ல் 'இன்ஸ்டிடியூட் ஆப் மெடிஸின்' என்ற நிபுணர் சபை வெளியிட்ட அறிக்கையின் பயனாக, 1987-ம் வருஷக் கடைசியில் ஒரு சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. காரணமின்றிக் கட்டி வைப்பதை அது தடுத்தது. பிற்காலத்தில் அவ்வழக்கம் மிகவும் குறைந்தது. பணிப்பெண்களுக்கு 75 மணி நேரத்துக்குக் குறையாத ஆரம்பப் பயிற்சியும் அச்சட்டத்தினால்தான் நாடு முழுவதற்கும் ஏற்பட்டது. அப்புறம் வருஷந்தோறும் 12 மணி நேரப் பயிற்சியும் விதியாயிற்று. எழுபத்தைந்து மணி என்றால் இரண்டு வாரத்துக்குச் சிறிது குறைந்த வேலை நேரம். அது போதாது, 120 மணியாவது வேண்டும் என்று அதே நிபுணர் சபை 2008-ல் சொல்லிற்று. பல ராஜ்யங்கள் தாமாகவே உயர்த்திக்கொண்டன. மத்திய விதியோ 75-ல் இருந்து அசையவில்லை.

தர அபிவிருத்தி என்பது பிற்பாடு வந்த எண்ணம். 2010-ம் வருஷத்து வைத்தியச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, ஒவ்வொரு விடுதியும் தன் குறைகளைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும் முறை ஒன்றை ஏற்படுத்திக்கொள்ள வேண்டுமென்றது. 2011 முடிவுக்குள் அதற்கான தராதரங்கள் நிர்ணயமாக வேண்டுமென்பது சட்டம்; விதிகள் வெளிவந்ததோ 2016-ல்; ஊழியர் பயிற்சி விதி அமலானது 2019-ல். முதியோர் விஷயத்தில் சர்க்கார்கள் அவசரப்படுவதில்லை போலும்!

இம்முறையின் சாரம் எளிதானது. ஒரு பாட்டியார் இரவில் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய வழக்கப்படி, அந்த நேரத்தில் வேலையில் இருந்தவள் யார் என்று விசாரித்து, அவளைக் கண்டித்து, 'ஜாக்கிரதையாக இருக்கவும்' என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள், விஷயம் தீர்ந்துவிடும். புதிய முறை ஏன், ஏன் என்று மேன்மேலும் கேட்கச் சொல்கிறது. ஏன் விழுந்தார்? தனியாக எழுந்ததால். ஏன் எழுந்தார்? கழிப்பறைக்குப் போவதற்காக. ஏன் யாரையும் கூப்பிடவில்லை? மணியை அடித்தார், ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை? இருந்த ஒருத்தி வேறோர் அறையில் மற்றொருவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஏன் ஒருத்தி மட்டும்? இந்தக் கேள்வி வந்ததும் விசாரணை பணிப்பெண்ணை விட்டு நிர்வாகியின் அறைக்குள் நுழைந்துவிடுகிறது. தர அபிவிருத்தியின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. அது பல இடங்களில் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம்.

ஊழியர்களுக்கு இந்த அறிவைப் புகட்டுவது வீண் என்று நாம் சொல்லவில்லை. ஒரு முதியவரின் உடம்பை நாள்தோறும் தொட்டுக் குளிப்பாட்டி உணவூட்டுகிறவளுக்குத் தெரிவது, மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாது. நேற்றைவிட இன்று குறைவாகச் சாப்பிட்டார், வழக்கத்துக்கு மாறாகப் பேசாதிருக்கிறார், குதிகாலில் தோல் சிவந்திருக்கிறது என்பவை யாவும் வரப்போகும் ஜ்வரத்துக்கும் படுக்கைப் புண்ணுக்கும் முன்னறிவிப்புகள். இதை உணர்ந்து, பணிப்பெண் தான் கண்ட மாறுதலை ஒரு சிறு சீட்டில் குறித்து நர்ஸிடம் கொடுக்கும் 'இண்டராக்ட்' என்ற முறையைச் சிலர் வகுத்து, அது பல விடுதிகளில் பரவியுமிருக்கிறது. காலத்தில் கண்டால் முதியவரை ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்குமாக அலைக்கழிக்க வேண்டியதில்லை. ஆனால் சீட்டைக் கொடுத்தவளுக்குப் பதில் வரவேண்டும். இரண்டு முறை கொடுத்து, இரண்டு முறையும் ஒருவரும் லட்சியம் செய்யவில்லையென்றால், மூன்றாம் முறை அவள் எழுதுவாளா?

இவ்விடத்தில் விதியிலேயே உள்ள ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவது அவசியம். ஒவ்வொரு விடுதியிலும் தரத்தைக் கவனிக்கும் கமிட்டி ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். அதில் நர்ஸுகளின் தலைவி இருக்கவேண்டும். வைத்திய டைரெக்டர் இருக்கவேண்டும். தொற்றுநோய்த் தடுப்புக்குப் பொறுப்பானவர் இருக்கவேண்டும். இன்னும் மூவர் இருக்கவேண்டும். அம்மூவரில் ஒருவர் நிர்வாகியாகவோ, முதலாளியாகவோ, தலைமை ஸ்தானத்தில் உள்ளவராகவோ இருக்கவேண்டும். பணிப்பெண் ஒருத்தியாவது இருந்தே தீரவேண்டும் என்று மட்டும் விதி சொல்லவில்லை! எல்லா ஊழியருக்கும் பயிற்சி கட்டாயம்; கமிட்டியில் இடமோ நிர்வாகத்தாரின் தயவு. பேசக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சபையின் கதவைச் சாத்துவது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

பயிற்சி பெற்றவர்கள் நிலைத்திருந்தாலல்லவா பயன்? 2017, 2018-ம் வருஷங்களின் சம்பளக் கணக்குகளைக் கொண்டு செய்த ஓர் ஆராய்ச்சி 2021-ல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்படி இவ்விடுதிகளின் நர்ஸுகளும் பணிப்பெண்களும் வேலையை விட்டுப் போகும் வீதம் வருஷத்துக்குச் சராசரி நூற்றுக்கு 128. மிக மோசமான சில விடுதிகள் சராசரியை ஏற்றிவிடுகின்றன என்று ஒதுக்கி, நடுத்தர விடுதியை எடுத்துக்கொண்டாலும் 94. நூறு ஸ்தானங்கள் உள்ள விடுதியில் ஒரு வருஷத்தில் தொண்ணூற்று நான்கு பேர் போய், தொண்ணூற்று நான்கு பேர் புதிதாக வருகிறார்கள்! ஓட்டைக் குடத்தில் எத்தனை குடம் நீர் வார்த்தால்தான் என்ன? இவ்வூழியர்களில் மிகப் பெரும்பாலோர் மாதர். கறுப்பினத்தவரும் பிற தேசங்களிலிருந்து குடியேறியவரும் அவர்களில் ஏராளம். 2023-ல் பணிப்பெண் ஒருத்தியின் நடுத்தர வருஷ வருமானம் சுமார் 38,000 டாலர். தொகை நமக்குப் பெரிதாகத் தோன்றலாம். அந்நாட்டு வீட்டு வாடகையை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

2020-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் வாஷிங்டன் ராஜ்யத்துக் கர்க்லண்ட் நகரில் ஒரு விடுதியில் கோவிட் நோய் புகுந்து பலரை மாய்த்தபொழுது, சர்க்கார் நோய்த் தடுப்பு நிபுணர்கள் காரணங்களை ஆராய்ந்தார்கள். காப்பு உடைகளை அணியும் முறை ஊழியருக்குச் சரியாகப் பழகவில்லை என்பது ஒன்று. அது பயிற்சிக் குறை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மற்றவை யாவை? காப்பு உடைகளே போதுமான அளவு இல்லை. ஊழியர்கள் நோய்க் குறியோடு வேலைக்கு வந்தார்கள். ஒரே ஊழியர் ஒன்றுக்கு மேற்பட்ட விடுதிகளில் வேலை செய்தார்கள். இவற்றை எந்த வகுப்பில் கற்றுத் தந்து நிறுத்துவது? லீவு எடுத்தால் கூலி போய்விடும் என்று அஞ்சுகிறவளும், ஒரு விடுதியின் கூலி போதாமல் இன்னொன்றுக்கு ஓடுகிறவளும் பாடம் தெரியாதவர்களல்லர். 2022 ஆரம்பத்துக்குள் நீண்டகாலப் பராமரிப்பு ஸ்தலங்களில் வசித்தோரும் ஊழியருமாக இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நோயினால் மாண்டனர். அக்காலத்தில் ஆள் கிடைக்காமையால் 75 மணிப் பயிற்சி விதியையே சர்க்கார் தளர்த்தி, எட்டு மணி நேரப் பாடத்தோடு வந்தவர்களும் முதியோரைத் தொட்டுப் பணி செய்ய அனுமதித்தது. 2022-ல்தான் அந்தச் சலுகை பொதுவாக முடிவுக்கு வந்தது.

கணக்கெடுப்பு என்பதும் இம்முறையின் ஓர் அங்கம். கணக்கு உண்மையாக இருந்தால் நல்லது. மறதி நோய் கண்ட முதியோரை அடக்கி வைக்க மனநோய் மருந்துகளைக் கொடுக்கும் வழக்கத்தைக் குறைக்க 2012-ல் ஓர் இயக்கம் ஆரம்பமாயிற்று. 2011 கடைசியில் நீண்டகாலம் வசிப்போரில் நூற்றுக்கு 23.9 பேருக்கு இருந்த அம்மருந்து, சில வருஷங்களில் 15-க்கு அருகே இறங்கியதாகக் கணக்கு காட்டிற்று. உண்மையாகவே பல விடுதிகள் திருந்தின. ஆனால் 'ஸ்கிஸோஃப்ரீனியா' என்ற வியாதி உள்ளவர்கள் இக்கணக்கில் சேரமாட்டார்கள். உடனே அவ்வியாதிப் பெயர் விடுதிகளில் பெருகத் தொடங்கிற்று! எண்பது வயதில் திடீரென்று வரும் வியாதியல்ல அது. 2023-ல் சர்க்காரே இந்த வியாதிப் பதிவுகளைத் தணிக்கை செய்ய முற்பட்டது. மருந்துக்குப் பதில் என்ன செய்வது என்று ஊழியருக்குக் கற்றுத்தந்து, அதற்கு நேரமும் கொடுத்த விடுதி வேறு; எழுத்தை மாற்றி எண்ணைக் குறைத்த விடுதி வேறு. அறிக்கையில் இரண்டும் ஒன்றாகவே காட்சியளித்தன.

முதலாளிகள் தரப்பில் சொல்வது யாதெனில், ஆட்கள் கிடைக்கவில்லை, மெடிக்கெய்ட் கொடுக்கும் பணம் கட்டுப்படியாகவில்லை என்பதே. கிராமப் பிரதேசத்துச் சிறு விடுதிகளைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் பெரும் முதலீட்டுக் கம்பெனிகள் கைக்கு மாறிய விடுதிகளில், குறுகிய காலச் சிகிச்சைக்காக வந்தவர்களின் மரணங்கள் பத்தில் ஒரு பங்கு போல் அதிகரித்ததாகப் பொருளாதார நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். பணம் போதவில்லையென்றால் இக்கம்பெனிகள் எதைத் தேடி இத்தொழிலுக்கு வருகின்றன?

ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு கிடைக்கும்படி ஆட்கள் இருக்கவேண்டும் என்று 2024-ல் மத்திய சர்க்கார் ஒரு விதி செய்தது. 2001-ல் சர்க்காரே செய்வித்த ஆராய்ச்சி 4.1 மணி வேண்டுமென்றது. ஆகவே இது சொற்பமே. இந்தச் சொற்பத்துக்கே ஏறக்குறைய ஐந்தில் நான்கு விடுதிகள் புதிதாக ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. முதலாளிகள் சங்கம் வழக்காடிற்று. 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள மத்தியக் கோர்ட்டு விதியின் முக்கிய பாகங்களை ரத்து செய்தது. அதே வருஷம் ஜூலையில் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டம் 2034 வரை அதை அமல் செய்யலாகாது என்று தடுத்துவிட்டது. பயிற்சி விதி மட்டும் நிற்கிறது. ஆள் எண்ணிக்கையைப் பற்றிய கேள்வியைச் சட்டமே அடைத்துவிட்ட பின், 'ஏன் ஒருத்தி மட்டும்?' என்று கேட்கக் கற்ற பணிப்பெண் யாரிடம் போய்க் கேட்பாள்?

வேறு வழி இல்லாமலில்லை. 2003-ல் மிஸிஸிப்பி ராஜ்யத்து டுப்பலோ நகரில் டாக்டர் பில் தாமஸ் என்பவர் வகுத்த திட்டப்படி 'கிரீன் ஹவுஸ்' என்ற பெயருடைய சிறு வீடுகள் தோன்றின. வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், தனித்தனி அறை, ஒரே சமையலறை. பணிப்பெண்களுக்கு வழக்கத்துக்கு மேற்பட்ட நீண்ட பயிற்சி கொடுத்து, வீட்டை நடத்தும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்புவித்தார்கள். கோவிட் காலத்தில் இத்தகைய சிறு வீடுகளில் நோயும் மரணமும் மற்ற விடுதிகளைவிடக் குறைவாயிருந்ததாக 2021-ல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. தனி அறைக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பயிற்சியும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது கண்கூடான அத்தாட்சி.

நமது அபிப்பிராயத்தில் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. கமிட்டியில் பணிப்பெண்கள் தேர்ந்தெடுத்த ஒருத்திக்காவது ஸ்தானம் விதியாக வேண்டும். பயிற்சி நேரத்துக்குக் கூலி கொடுப்பதோடு, அந்நேரத்தில் அவளுடைய வேலையைப் பார்க்க மாற்றாளும் வேண்டும். சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர், எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்ற கையெழுத்துப் பட்டியலைப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், சென்ற மூன்று மாதத்தில் பணிப்பெண் ஒருத்தி சொல்லி மாறிய காரியம் ஒன்றைக் காட்டும்படி நிர்வாகியைக் கேட்கவேண்டும். முதல் வகுப்பில் உட்கார வேண்டியவர்களோ முதலாளிகள்.

ஆள் எண்ணிக்கை விஷயத்தில் மத்தியக் கதவு அடைபட்டாலும் ராஜ்யங்களின் கதவு திறந்தே இருக்கிறது. கலிபோர்னியா 2018 முதலும், நியூயார்க் 2022 முதலும் நாளொன்றுக்கு 3.5 மணி என்று தங்கள் சட்டத்திலேயே வைத்துக்கொண்டன. மீறுவோர் அங்கும் உண்டு. ஆனால் மீறினார்கள் என்று சொல்லவாவது அங்கே ஓர் அளவு இருக்கிறது. 2034 வரை காத்திராமல், அந்நாட்டு ஊழியர் சங்கங்களும் விடுதிகளில் வசிப்போரின் குடும்பத்தாரும் மற்ற ராஜ்யங்களின் சட்டசபைகளைத்தான் இனி முற்றுகையிட வேண்டியிருக்கும்.