பையில் இரண்டு கல்

தொழிலாளர் துறை அதிகாரிகள் காய்கறிச் சந்தைக்குள் வந்து, முத்திரை போடாத தராசுகளை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று இந்த வாரம் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி. பறிகொடுத்தவர்கள் எல்லோரும் தரைக்கடைக்காரர்கள். கத்தரிக்காய், கருவாடு, பூண்டு விற்கிறவர்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-லேயே வந்துவிட்டது. அதன்படி செய்திருக்கிறார்கள், அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனாலும் படித்து முடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அதே தெருவில், கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட கடைகளில், நாள் முழுக்க அட்டையை எடை போட்டு ஸ்வீட் விலைக்கு விற்கிறார்களே, அங்கே யார் போனார்கள்?

ஸ்வீட் டப்பா விஷயத்தில் என் வழக்கு இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி எழுதுகிறேன்; ஒன்றும் மாறவில்லை. கிலோ ஆயிரம் ரூபாய் விற்கிற முந்திரி கேக்கில் டப்பாவின் எடை 60 கிராம் என்றால், வெறும் அட்டைக்கு நாம் 60 ரூபாய் கொடுக்கிறோம். தராசில் டேர் பொத்தான் என்று ஒன்று இருக்கிறது. காலி டப்பாவை வைத்து அதை ஒரு தடவை அமுக்கினால் டப்பாவின் எடை கழிந்துவிடும். அரை நொடி வேலை. இந்த வாரமும் கேட்டேன். "தம்பி, டப்பாவைக் கழிச்சுப் போடுங்க." கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் சார்." கல்லாவுக்கு மேலே சுவரில், தங்க எழுத்தில், ஆசீர்வாதம் பற்றி ஒரு பைபிள் வசனம். அதுதான் என்னை உறுத்தியது. எந்தக் கடவுளின் பெயரை மேலே மாட்டியிருக்கிறார்களோ, அந்தக் கடவுள் இந்தத் தராசைப் பற்றித்தான் அத்தனை பேசியிருக்கிறார்.

பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தில் எடையும் அளவும் நான்கு இடங்களில் வருகின்றன. 11-ஆம் அதிகாரம் தொடங்குவதே கள்ளத்தராசின் மேல் கடவுளுக்கு உள்ள அருவருப்பைச் சொல்லித்தான். 16-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், வியாபாரியின் பைக்குள் கிடக்கிற எடைக்கல்லெல்லாம் அவருடைய ஏற்பாடு என்கிறது. 20-ஆம் அதிகாரத்தில் இரண்டு தரம். லேவியராகமத்தில், அயலானைத் தன்னைப் போல் நேசிக்கச் சொல்கிற அதே 19-ஆம் அதிகாரத்தின் முடிவில் தராசும் மரக்காலும் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. நேசத்தையும் மரக்காலையும் அந்த நூல் தனித்தனி அலமாரியில் வைக்கவில்லை.

இதில் ஒரு விஷயம் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. ஒரே பையில் பெரிய கல்லும் சிறிய கல்லும் வைத்திருக்காதே என்று உபாகமம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஏமாற்றுவதற்கு எடை குறைந்த கல் ஒன்று போதாதா? அந்தக் காலத்து வியாபாரத்தைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். அன்று யூதாவின் சந்தையில் நாணயம் கிடையாது. வெள்ளித் துண்டுகளை நிறுத்துத்தான் விலை கொடுத்தார்கள். ஆக, ஒரு பேரத்தில் தராசு இரண்டு தடவை ஏறி இறங்கும். சரக்கைக் கொடுக்கும்போது ஒரு தடவை, வெள்ளியை வாங்கும்போது ஒரு தடவை. கொடுக்கச் சிறிய கல், வாங்கப் பெரிய கல். தெக்கோவா ஊரில் ஆடு மாடு மேய்த்து, காட்டத்திப் பழம் பார்த்துக்கொண்டிருந்த ஆமோஸ் தீர்க்கதரிசி, கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வடக்கே இஸ்ரவேலுக்குப் போய் இதைத்தான் போட்டு உடைத்தார். மரக்காலைச் சிறிதாக்கி, வெள்ளி நிறுக்கும் சேக்கல் கல்லைப் பெரிதாக்கும் வியாபாரிகள் என்றார். அவர் காட்டுகிற ஆட்கள் ஓய்வுநாளை மீறுகிறவர்கள் அல்லர். ஒழுங்காகக் கடையைச் சாத்துகிறார்கள். ஆனால் அமாவாசையும் ஓய்வுநாளும் எப்போது முடியும், கோதுமை மூட்டையை எப்போது பிரிக்கலாம் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். கூடவே, பதரையும் கோதுமையோடு சேர்த்து விற்கிறார்கள். தங்க எழுத்து வசனத்தைப் பார்த்தபோது எனக்கு இவர்கள்தாம் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன. எருசலேமிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையக் கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் செய்தவை, அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் குவிந்து வழவழவென்று இருக்கும். உச்சியில் குறி வெட்டியிருப்பார்கள். ஒரு சேக்கல் என்பது ஏறக்குறைய பதினொன்றேகால் கிராம். குறி வெட்டிய கற்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கிடைக்கின்றன. எசேக்கியா ராஜா ஆண்ட காலத்தை ஒட்டி. நீதிமொழிகளில் ஒரு பகுதியை எழுதித் தொகுத்தவர்கள் அந்த ராஜாவின் ஆட்கள்தாம் என்று 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. அரசு எடையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அதே தலைமுறையில், அரண்மனை எழுத்தர்கள் நீதிமொழிகளையும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கற்களில் ஒன்றைப் பற்றிச் சில வருஷங்களுக்கு முன் செய்தி வந்தது. தாவீதின் நகரம் என்று சொல்லப்படும் இடத்தில் தோண்டிய மண்ணைச் சலிக்கும்போது அகப்பட்ட குட்டிக் கல். மேலே இரண்டு கோடுகள், அதாவது இரண்டு கேரா; கேரா என்பது சேக்கலைவிட மிகச் சிறிய எடை. அதன்படி ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் 3.61 கிராம். மூன்றரை மடங்குக்கும் மேல். ஆய்வாளர்கள் அதை ஏமாற்று எடைக்கல் என்றே கருதுகிறார்கள். யாரோ ஒரு வியாபாரி, இரண்டாயிரத்து எழுநூறு வருஷங்களுக்கு முன்னால், உட்கார்ந்து நிதானமாக அந்த இரண்டு கோடுகளையும் வெட்டியிருக்கிறான். எத்தனை பேருடைய வெள்ளி அந்தக் கல்லுக்கு எதிர்த் தட்டில் ஏறியிருக்கும்! ஆமோஸ் மிகைப்படுத்தவில்லை.

எகிப்திலும் இதே கவலை இருந்திருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் சுருளில் அமெனெமோப்பே என்பவர் மகனுக்குச் சொன்ன அறிவுரை இருக்கிறது. 1923-இல் அதை அச்சிட்டார்கள். அடுத்த வருஷமே அடால்ஃப் எர்மான் என்ற ஜெர்மானிய அறிஞர், நீதிமொழிகள் 22, 23-ஆம் அதிகாரங்களுக்கும் அதற்கும் உள்ள நெருக்கத்தை எடுத்துக் காட்டினார். அமெனெமோப்பே தானியத்துக்கும் அதன் அளவைகளுக்கும் பொறுப்பான அதிகாரி. முத்திரை ஆய்வாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் கை வைக்காதே, தோத் கடவுள் பபூன் குரங்கு உருவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று மகனை எச்சரிக்கிறார். எளியவனின் வரப்பை நகர்த்தாதே என்பதை அவரும் சொல்கிறார், நீதிமொழிகளும் சொல்கிறது.

வாங்குகிற நம்மையும் நீதிமொழிகள் சும்மா விடுவதில்லை. சரக்கு மட்டம், மட்டம் என்று சொல்லி விலையைக் குறைத்து வாங்கிவிட்டு, வெளியே வந்து பெருமையடித்துக்கொள்கிற ஆளை 20-ஆம் அதிகாரம் அச்சு அசலாக எழுதி வைத்திருக்கிறது. கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் அடித்துப் பேசி ஜெயித்த கதையைப் பேருந்தில் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். பெரிய கடையில் அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

இந்தப் புத்தகத்தில் எனக்கு எல்லாரையும்விடப் பிரியமானவர் ஆகூர். 30-ஆம் அதிகாரம் அவருடையது. யாகேயின் மகன் என்பதைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே தனக்கு ஞானம் இல்லை என்கிறார். பிறகு எறும்பைப் பார்க்கிறார், வெட்டுக்கிளியைப் பார்க்கிறார், வானத்தில் கழுகும் பாறைமேல் பாம்பும் கடலில் கப்பலும் போகிற வழி தனக்கு விளங்கவில்லை என்று வியக்கிறார். நீதிமொழிகள் முழுவதிலும் கடவுளை நோக்கிச் செய்யப்படுகிற ஒரே ஜெபம் அவருடையதுதான். சாவதற்குள் இரண்டு வேண்டும் என்கிறார். பொய்யைத் தன்னைவிட்டுத் தூரமாக்க வேண்டும். வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், தன் அளவுக்குரிய சாப்பாடு போதும். காரணமும் சொல்கிறார்: அதிகம் கிடைத்தால் வயிறு நிறைந்து, கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன்.

மற்ற நீதிமொழிகள் பெரும்பாலும் பிறருக்குச் சொன்ன புத்தி. ஆகூர் தன்னையே நிறுத்துப் பார்க்கிறார். நான் நல்லவன், எந்த நிலையிலும் நேர்மையாக இருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. நேர்மை நம் உறுதியை மட்டும் நம்பி நிற்காது, கையில் இருப்பதன் அளவும் அதை அசைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வறுமையில் பிறக்கிற பொய்யைச் சந்தைக்கு வந்த அதிகாரிகள் பிடித்துவிட்டார்கள். நிறைவில் பிறக்கிற பொய் குளிரூட்டிய அறையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆகூர் இரண்டுக்குமே பயந்தார். பணம் வேண்டாம் என்று கடவுளிடம் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எந்தக் கூட்டத்திலும் யாரும் அப்படி ஜெபம் செய்து நான் கேட்டதில்லை.

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஓர் அதிகாரமாக வாசிக்கிற வழக்கம் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. அப்படி வாசித்தால் பிப்ரவரியில் ஆகூர் வரமாட்டார். எங்கள் அம்மா அதற்கு இடம் கொடுத்ததில்லை. 28-ஆம் தேதி மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவார். ஆனால் சுவரில் மாட்டுகிற வசனக் காலண்டர்களில் எந்த மாதத்திலும் ஆகூரின் ஜெபத்தை நான் பார்த்ததில்லை. எல்லாம் பெருகப் பண்ணும் வசனங்களாகவே இருக்கின்றன. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுகிறார்கள். கடைக்குக் காலண்டர் அடிக்கிற அண்ணாச்சிமார் அதற்கு முன்பே அச்சகத்துக்குச் சொல்லிவைத்தால், ஜனவரியில் கல்லாவுக்கு மேலே மாட்டிவிடலாம்: முப்பதாம் அதிகாரம், ஏழிலிருந்து ஒன்பது வரை.