400 ஓ-ரிங் இருக்கும் டப்பா... உங்கள் மெஷினுக்கு வேண்டியது அதில் இருக்கா?

ஆன்லைனில் ‘ஓ-ரிங் கிட்’ என்று தேடிப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சின்னச் சின்ன அறைகள், 30 சைஸ்களில் 400 கறுப்பு வளையங்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். விலையும் பெரிதாக இருக்காது. ‘எல்லா சைஸும் இருக்கே, ஒண்ணு வாங்கிப் போட்டா கவலை விட்டது’ என்று தோன்றும்.

மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாங்கினேன். அந்த டப்பாவால் ஒரு பையனின் மணிக்கட்டு உடைந்தது.

கோவையில் ஒரு சின்ன பட்டறை. இரவு ஷிஃப்ட். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பைப் ஃபிளேஞ்சுக்குள் இருந்த ஓ-ரிங் போய்விட்டது. காலையில் லோடு கிளம்பியாக வேண்டும். ஆபரேட்டர் டப்பாவைத் திறந்தார், பழைய ரிங்கோடு வைத்துப் பார்த்தார், அதே மாதிரி இருந்த ஒன்றை எடுத்து மாட்டினார். பிரஸ் ஓடியது. இரண்டு மணி நேரத்தில் ஆயில் மெல்லக் கசிந்து தரையில் பரவியது. இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. டீ வாங்கிக்கொண்டு வந்த ஹெல்பர் பையன் வழுக்கி விழுந்தான்.

மறுநாள் விசாரணை. பையனிடம் ‘பார்த்து நடக்க வேண்டாமா?’ என்றார்கள். ஆபரேட்டரிடம் ‘ஒழுங்கா மாட்டத் தெரியாதா?’ என்றார்கள். அவர் ஒரே வரிதான் சொன்னார்: “சார், டப்பாவுல இருந்ததைத்தானே போட்டேன்?” அந்த டப்பாவை வாங்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

0.43 மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

ஓ-ரிங் எப்படி வேலை செய்கிறது என்பது எளிமையான விஷயம். அதற்கான பள்ளத்தின் (பட்டறையில் ‘க்ரூவ்’ என்போம்) ஆழம், ரிங்கின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மேலே மூடியை இறுக்கும்போது ரிங் நசுங்கும். நசுங்கிய ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் கசிவை அடைக்கிறது. அசையாத இடங்களில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம்வரை நசுங்க வேண்டும். பிஸ்டன் மாதிரி அசையும் இடங்களில் அதைவிடக் குறைவு.

இப்போது என் டப்பாவுக்கு வருவோம். அந்த ஃபிளேஞ்சுக்கு வேண்டிய ரிங்கின் தடிமன் 3.53 மி.மீ. பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 2.8 மி.மீ. கணக்குப் போட்டால் சுமார் 21 சதவீதம் நசுங்கும். சரியான அளவு. டப்பாவில் இருந்ததோ 3.1 மி.மீ. அது 10 சதவீதம்கூட நசுங்காது. வித்தியாசம் வெறும் 0.43 மி.மீ. ராத்திரி 11 மணிக்கு, கையில் ஆயிலோடு, கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏன் இந்தக் குழப்பம்? ஓ-ரிங் உலகில் ஒரே ஒரு அளவுமுறை கிடையாது. அமெரிக்க ஏஎஸ்568 முறையில் தடிமன் 1.78, 2.62, 3.53, 5.33, 6.99 என்று போகும். ஜப்பானிய ஜேஐஎஸ் முறையில் 1.9, 2.4, 3.1, 3.5, 5.7 என்று வரும். மெட்ரிக் என்று கேட்டால் 1.5, 2, 2.5, 3, 4 என்று தருவார்கள். உங்கள் பிரஸ் ஒரு நாட்டு டிசைனாகவும், கம்ப்ரஸர் இன்னொரு நாட்டு டிசைனாகவும் இருந்தால், ஒரே டப்பா இரண்டுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. ‘எல்லா சைஸும் இருக்கு’ என்று டப்பாவின் மேல் போட்டிருந்தாலும், அது ஏதோ ஒரு குடும்பத்தின் சைஸ்கள் மட்டும்தான்.

இன்னொன்று. பழைய ரிங்கை வெர்னியரில் அளந்து புதியது வாங்காதீர்கள். அது ஏற்கெனவே ஆயிலில் ஊறி உப்பியிருக்கும், அல்லது நசுங்கித் தட்டையாகியிருக்கும். பள்ளத்தை அளக்க வேண்டும். அதைவிட நல்லது, மெஷின் மேனுவலில் இருக்கும் பார்ட் நம்பரைப் பார்ப்பது.

கறுப்பா இருந்தா எல்லாம் ஒண்ணா?

சைஸ் சரியாக இருந்தும் ரிங் போகும். காரணம், ரப்பர் வகை. நான்கு பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நைட்ரைல் (என்பிஆர்): ஹைட்ராலிக் ஆயில், கிரீஸ், காற்று ஆகியவற்றுக்கு நல்லது. 100 டிகிரி செல்சியஸ்வரை நம்பலாம். கடையில் கிடைக்கும் கிட் பெரும்பாலும் இதுதான். வெயிலும் ஓசோனும் இதற்கு ஆகாது.

இபிடிஎம்: வெந்நீர், நீராவி, கார் பிரேக் ஆயில் (டாட் 3, டாட் 4) ஆகியவற்றுக்கு. ஆனால் பெட்ரோலிய ஆயில் பட்டால் உப்பிப் போய்விடும்.

எஃப்கேஎம் (கடைக்காரர் ‘வைட்டான்’ என்பார்): 200 டிகிரி சூடு, பெட்ரோல், டீசல், பல கெமிக்கல்களைத் தாங்கும். விலை பல மடங்கு. ஆனால் அசிட்டோன் போன்ற கரைப்பான்களிடம் தோற்றுவிடும். நீராவிக்கும் சாதாரண வகை சரிவராது.

சிலிக்கான்: சூடும் குளிரும் தாங்கும். ஆனால் எளிதில் கிழியும். அசையும் இடத்தில் போடக் கூடாது.

சிக்கல் என்னவென்றால் நைட்ரைல், இபிடிஎம், எஃப்கேஎம் மூன்றுமே கறுப்பில் வரும். பச்சை என்றால் ஏசிக்கு, பழுப்பு என்றால் வைட்டான் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிலர் கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பதாகச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். எஃப்கேஎம் எரிந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய வாயு வரும்.

‘சரி, விலை அதிகமானதையே எல்லா இடத்துக்கும் வாங்கிடலாமே’ என்று மேனேஜர்கள் கேட்பார்கள். அதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடிகளில் சிதறி, அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். காரணம், பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங். அது மட்டமான ரப்பர் அல்ல, எஃப்கேஎம் வகைதான். இணைப்பின் டிசைனிலேயே குறை இருந்தது. அதோடு அன்று காலைக் குளிரில் ரப்பர் விறைத்து, வேகமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் அந்த ரப்பர் துண்டைப் போட்டு எல்லோர் முன்னாலும் காட்டினார். சூட்டுக்குப் பேர்போன ரப்பர், குளிரில் கைவிட்டது.

கிளம்புவதற்கு முந்தைய இரவே, ‘இந்தக் குளிரில் வேண்டாம்’ என்று பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. என் பட்டறைக்கும் அந்த ராக்கெட்டுக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் பொது: ரிங்கைப் பற்றிய முடிவை எடுத்தவர்கள், அதன் பக்கத்தில் நின்றவர்கள் அல்ல.

உங்கள் டப்பாவை நீங்களே கட்டுங்கள்

ரெடிமேட் கிட்டே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. குறைந்த அழுத்தத் தண்ணீர் லைன், காற்று ஹோஸ் என்று கசிந்தாலும் ஆபத்தில்லாத இடங்களுக்கு அது போதும். பிரஸ், பாய்லர், கெமிக்கல் பம்ப், லிஃப்ட் ஆகியவற்றுக்கு அந்த டப்பாவை நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த விபத்துக்குப் பிறகு நாங்கள் செய்தது இதுதான்:

1. ஒரு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு மெஷினுக்கும் போய் எழுதினோம்: எந்த இடம், என்ன திரவம், எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், ரிங்கின் உள்விட்டம், தடிமன்.

2. பட்டியலைப் பார்த்தபோது ஆச்சரியம். திரும்பத் திரும்பத் தேவைப்பட்டவை பத்துப் பன்னிரண்டு சைஸ்கள்தான். அவற்றை மட்டும் அதிகமாக வாங்கினோம். 400 ரிங் டப்பாவில் முக்கால்வாசியை நாங்கள் தொட்டதே இல்லை.

3. சைஸ்படி அல்லாமல், ரப்பர் வகைப்படி தனித்தனி டப்பா வைத்தோம். ஆயில் டப்பா, நீராவி டப்பா, கெமிக்கல் டப்பா. தப்பான சைஸ் பெரும்பாலும் மாட்டும்போதோ, ஓட்டிப் பார்க்கும்போதோ தெரிந்துவிடும். தப்பான ரப்பர் பல வாரம் கழித்துதான் தெரியும்.

4. கடினத்தன்மையையும் எழுதினோம். பொதுவாக வருவது 70 ஷோர் ஏ. அழுத்தம் அதிகமான இடத்தில் மெத்தென்ற ரிங் இடைவெளிக்குள் பிதுங்கிக் கிழியும். அங்கே 90 ஷோர் ஏ, அல்லது பக்கத்தில் ஒரு பேக்கப் ரிங்.

5. ரிங்குக்கும் வயது உண்டு. ஐஎஸ்ஓ 2230 தரநிலைப்படி, ஒழுங்காக வைத்திருந்தால் நைட்ரைல் 7 ஆண்டு, எஃப்கேஎம், இபிடிஎம், சிலிக்கான் 10 ஆண்டு. அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்துத்தான் நீட்டிக்கலாம். தகர ஷெட்டின் கீழே, வெல்டிங் மெஷின் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஆணியில் மாலை மாதிரி தொங்கவிடவும் கூடாது, வடிவம் கெட்டுவிடும். வல்கனைஸ் செய்த தேதி அச்சிட்ட உறையோடு வாங்கி, மாட்டும்வரை உறையிலேயே விடுங்கள்.

பர்ச்சேஸில் இருப்பவர்கள் உடனே கேட்பார்கள்: ‘இத்தனை டப்பாவா? செலவு?’ உண்மையில் செலவு குறைந்தது. தேவையில்லாத 300 ரிங்கை நாங்கள் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதைதான்

ஃபேக்டரி பக்கமே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். ஆர்ஓ ஃபில்டர் மூடிக்குள், காபி மெஷினில், பிரஷர் வாஷரில் எல்லாம் ஓ-ரிங் இருக்கிறது. குடிநீர் படும் இடத்தில் உணவுத் தரம் என்று குறிப்பிட்டதை மட்டும் போடுங்கள். மாட்டச் சுலபமாக இருக்கும் என்று வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். ரிங் இபிடிஎம்மாக இருந்தால் வாசலினில் உப்பும். உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் போதும். ஆனால் ரிங்கே சிலிக்கானாக இருந்தால் சிலிக்கான் கிரீஸும் ஆகாது.

கடைசியாக ஒன்று

அந்தப் பையனுக்குக் கை சரியாகிவிட்டது. சில மாதம் கழித்து வேலைக்கும் வந்தான். புது டப்பாவில் லேபிள் ஒட்டியது அவன்தான். என்னிடம் ஒருநாள் கேட்டான்: “அண்ணே, அன்னைக்கே இப்படி எழுதி வெச்சிருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன்ல?” ஆமாம் என்றேன். அந்த டப்பாவை வாங்கியது நான்தான் என்பதையும் அன்றுதான் அவனிடம் சொன்னேன்.

உங்கள் ஆபீஸில் அடுத்த முறை ஸ்பேர்ஸ் லிஸ்ட் உங்கள் மெயிலுக்கு வரும்போது, ‘ஓ-ரிங் கிட் - 1’ என்று ஒரு வரி இருந்தால், அப்ரூவ் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். எந்த மெஷினுக்கு, எந்தத் திரவத்துக்கு, என்ன சைஸ் என்று ராத்திரி ஷிஃப்ட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் டப்பாவில் இருப்பதைத்தான் போடுவார். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள்.