கண்காணிப்பும் கைகொடுப்பும்

ஆசிரியத் தொழில் தனியே நின்று செய்யும் தொழில் போலத் தோன்றும். உண்மை அதுவன்று. வகுப்பறைக்குள் ஆசிரியர் தனியே நின்றபோதிலும், மணியடித்ததும் அவர் திரும்பிச் செல்வதற்கு ஓர் ஆசிரியர் அறை இருக்கின்றது. “இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவில்லையே, நீங்கள் எப்படி நடத்தினீர்கள்?” என்று அங்குள்ள மூத்தவர் ஒருவரைக் கேட்கலாம். ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். ஆசிரியர் பலர் தம் தொழிலைப் பயிற்சிக் கலாசாலையிற் பாதியும் இந்த அறையிற் பாதியுமாகவே கற்றிருக்கின்றனர்.

இணையவழியே மொழி கற்பிக்கும் ஆசிரியருக்கு இந்த அறை இல்லை. இரத்தினபுரியிலோ பலாங்கொடையிலோ இருக்கும் பட்டதாரிப் பெண் ஒருத்தி ரொறன்ரோ நகரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே சனிக்கிழமை காலை பத்து மணியாகும்போது, இங்கே அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு எட்டரை, கோடையில் ஏழரை. வகுப்பு முடிந்து திரை அணைந்ததும் அவள் முன்னே நிற்பது வீட்டுச் சுவர்தான். சிறுவன் ஒருவன் மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை என்பதை அவள் யாரிடம் சொல்வாள்? சொல்ல ஆளில்லாமற் போனால், சில மாதங்களில் வேலையை விட்டுவிடுவாள். பிள்ளைக்குப் புதிய முகம் ஒன்று வரும். அவன் மீண்டும் முதற் பாடத்திலிருந்து தொடங்குவான். இப்படி இரண்டு மூன்று முறை நேர்ந்தால், அந்தப் பிள்ளை தமிழையே வெறுத்துவிடக் கூடும். ஆகவே, இத்தகைய ஆசிரியர் குழுவுக்குத் தலைமை தாங்குபவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பது சிறிய கேள்வி அன்று.

தோட்டப்புறத்தில் வாழும் நமக்குத் தலைமை என்றதும் ஒரு சொல் நினைவுக்கு வருகின்றது. கண்காணி என்பதே கங்காணி ஆயிற்று. காலையிற் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவதும், மாலையிற் பேர் போடுவதும், வேலை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதுவதும் நம் பெரியோர் அறிந்தவை. இன்றைய கணினி இந்த வேலையை மிக நன்றாகச் செய்கின்றது. ஆசிரியர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்பவற்றையெல்லாம் அது கணக்கெடுத்துக் கொடுத்துவிடும். இக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதே தலைமை என எண்ணுதல் எளிது. ஆயின், பறித்த கொழுந்தின் நிறையைத் தராசு அன்று மாலையே காட்டுவது போல, பிள்ளையின் நாவில் ஏறிய மொழியைக் காட்டும் தராசு எதுவும் இல்லை.

இதனை நன்குணர்ந்து செயற்பட்ட நாடு ஒன்று உண்டு. தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே, அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கணினி வழங்கும் ‘சேபால்’ திட்டத்தை 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆரம்பப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போதிய ஆசிரியர் அங்கே இல்லை. எனவே 2012இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் திரைவழி ஆங்கிலம் கற்பிக்க முற்பட்டனர். ஆசிரியருட் சிலர் அயல்நாடான ஆர்ஜென்டீனாவில் இருந்தனர். சிலர் கடல் கடந்து பிலிப்பைன்ஸில் இருந்தனர். வாரத்தில் ஒரு பாடத்தைத் தொலைவிலுள்ள ஆசிரியர் நடத்துவார். ஏனைய பாடவேளைகளில், ஆங்கிலம் அதிகம் அறியாத வகுப்பாசிரியரே பிள்ளைகளுடன் சேர்ந்து அப்பாடத்தைப் பயிற்சி செய்விப்பார். இருவரும் இடையிடையே கலந்து பேசி அடுத்த பாடத்தைத் திட்டமிடுவர். பாடங்களைப் பார்வையிடுவதற்கென மேலாளரும் இருந்தனர்; பார்த்தபின் ஆசிரியரோடு அதுபற்றி உரையாடுவதும் அவர்கள் பணியே. தொலைவிலுள்ள ஆசிரியருக்கு இவ்வாறு இரண்டு துணைகள் கிடைத்தன. ஆங்கில ஆசிரியரின்றித் தவிக்கும் நம் தோட்டப் பாடசாலைகளைப் பற்றிச் சிந்திப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் முறையும் அறியத்தக்கது. 1969இல் நிறுவப்பெற்று 1971இற் கற்பிக்கத் தொடங்கிய அந்நிறுவனத்தின் ஆசிரியர்கள் பெரும்பாலும் தத்தம் வீடுகளிலிருந்தே பணிபுரிவோர். அவர்கள் திருத்திய விடைத்தாள்களிற் சிலவற்றை அனுபவமுள்ள வேறொருவர் படித்துப் பார்ப்பார். மதிப்பெண் சரியா என்று பார்ப்பதோடு அவர் நிற்பதில்லை. மாணாக்கனுக்கு ஆசிரியர் எழுதிய குறிப்பு அவனை முன்னேறச் செய்யுமா என்றும் பார்த்து, ஆசிரியருக்குத் தம் கருத்தை எழுதி அனுப்புவார். ஆசிரியரின் வேலையை ஒருவர் ஊன்றிப் படிக்கின்றார் என்பதே அவருக்குப் பெரிய ஊக்கம்.

அப்பல்கலைக்கழகத்தில் மொழித்துறையிற் பணிபுரிந்த ரெஜீன் ஹாம்பெல், உர்சுலா ஸ்டிக்லர் என்னும் அறிஞர் இருவர், இணையவழி மொழியாசிரியருக்கு வேண்டிய திறன்களை ஏழு படிகளாக வகுத்து 2005இல் வெளியிட்டனர். கணினியைக் கையாளுதல் முதற்படி. வகுப்புக்குரிய மென்பொருளைக் கையாளுதல் இரண்டாவது. அதன் வசதிகளையும் வரம்புகளையும் அறிதல் மூன்றாவது. மாணாக்கரை ஒரு குழுவாக இணக்கமுறச் செய்தல், மொழியைப் பேசிப் பழக்குதல், தக்க பயிற்சிகளைத் தெரிந்தும் படைத்தும் கொள்ளுதல் என்பன அடுத்த மூன்று. தனக்கேயுரிய பாணியை அடைதல் ஏழாவது. நம்மிற் பலர் ஆசிரியருக்கு முதல் இரண்டு படிகளை ஒரு நாளிற் காட்டிவிட்டு, “இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடுகின்றோம். மூன்றாம் படியிலிருந்துதான் அவருக்குத் துணை மிகுதியும் வேண்டும்.

தமிழ் கற்பிப்போர்க்கோ வேறொரு சிக்கலும் உண்டு. 1999இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன் இயங்குகின்றது. அதன் பாடங்கள் எல்லார்க்கும் பொதுவானவை. ஆயின், பாடத்தை வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர் யாழ்ப்பாணத்தவராகவோ, மலையகத்தவராகவோ, தமிழ்நாட்டவராகவோ இருப்பார். ஒருவர் ‘கதைக்கிறேன்’ என்பார். மற்றவர் ‘பேசுகிறேன்’ என்பார். ஒரே பிள்ளை இந்த வாரம் ஒன்றையும் அடுத்த வாரம் மற்றொன்றையும் கேட்டு, முன்னையது பிழையோ என மயங்கும். இதற்கு விடை காண்பது தனி ஆசிரியரின் வேலை அன்று. எல்லா ஆசிரியரையும் ஒருங்கு கூட்டி, வீட்டு வழக்கை எவ்விடத்தில் ஏற்பது, எழுத்து வழக்கை எப்போது தொடங்குவது என்று கலந்து முடிவு செய்வது தலைவரின் கடமை.

நம் ஊர் நிலையையும் மறத்தலாகாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தோட்டங்களிற் பல குடும்பங்களிடம் தகுந்த கைப்பேசி இல்லை. இருந்த இடங்கள் பலவற்றில் அலை எட்டவில்லை. களுகங்கை பெருகினால் என்ன நேரும் என்பதை 2003 மே மாதமும் 2017 மே மாதமும் நமக்குக் காட்டின. மழையில் மின்சாரம் நின்று வகுப்புத் தடைப்பட்டால், தலைவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி “நலமாயிருக்கின்றீர்களா?” என்பதே. அந்த வேளையில் வகுப்பை ஏற்க வேறோர் ஆசிரியர், பிள்ளை தனியே செய்யத்தக்க பயிற்சித்தாள், பெற்றோருக்கு உடனே ஒரு செய்தி ஆகிய மூன்றையும் மழைக்கு முன்னரே ஆயத்தம் செய்து வைப்பவரே நல்ல தலைவர். மழைக்காக ஆசிரியருக்கு அரைப்பேர் போடுபவரிடம் நல்லாசிரியர் நிலைத்திரார்.

முற்காலத்துத் தோட்டப் பாடசாலைகள் பல ஓராசிரியர் பாடசாலைகளே. ஒரே கூரையின் கீழ், பல வகுப்புகளை ஒருவரே நடத்தினார். அவருக்குக் கட்டளையிட ஆள் இருந்தது. கலந்து பேச ஆள் இருக்கவில்லை. அத்தனிமையின் விலையைக் கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். புதிய கருவிகளைக் கொண்டு அந்தப் பழைய தனிமையை மறுபடியும் உண்டாக்குவது அறிவுடைமை ஆகாது.

கல்லூரி மாணவர்களே, உங்களில் மூவரோ நால்வரோ சேர்ந்து இப்பணியில் இறங்க எண்ணக்கூடும். அழகிய பெயர்ப்பலகையைத் தேடுமுன், வாரத்தில் ஓர் அரைமணி நேரத்தை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். வரவுக் கணக்கை அப்போது எடுக்க வேண்டா. “இந்த வாரம் எந்தப் பிள்ளையை எண்ணிக் கவலைப்பட்டீர்கள்?” என்று ஒருவரையொருவர் கேளுங்கள். உங்கள் ஆசிரியர் அறை அதுவே.